உப்புத் தண்ணி என்றால் கடல் இல்லை

கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "சூட்டை இடம் மாற்றுகிறேன்" என்பேன். ஆலைகளில் சூடான எண்ணெயும் குளிர்ந்த தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடும் குழாய்க்கூடு ஒன்று இருக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பார்கள். அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த உலோகத்தில் இருக்க வேண்டும் என்று முதலில் சாஃப்ட்வேரில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கம்பெனி சென்னையில். நான் விருத்தாசலத்தில், செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால், எங்கள் வீட்டு மாடியில். சூளைத் தூசிக்குப் பயந்து லேப்டாப்புக்குத் துண்டு போர்த்தி வைத்திருப்பேன்.

கம்மாபுரம் பக்கம் வரப்போகிற ஒரு தவிட்டு எண்ணெய் ஆலைக்கு வேலை வந்தது. எண்ணெயைக் குளிர வைக்க என்ன தண்ணீர் என்று எங்கள் மேனேஜர் போனில் கேட்டிருக்கிறார். "உப்புத் தண்ணிதாங்க" என்றாராம் ஆலைக்காரர். மேனேஜர் மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழர். விலாசத்தில் கடலூர் மாவட்டம் என்றிருந்தது. போதாதா? சாஃப்ட்வேரில் கடல் தண்ணீரைப் போட்டுவிட்டார். கடல் தண்ணீர் அரிக்குமாம், அதனால் டைட்டானியம் குழாய். அதுவும் பிரஷ் விட்டுத் தேய்க்க வழியில்லாத வளைந்த குழாய்.

சரிபார்த்துக் கையெழுத்துப் போட என்னிடம் வந்தது. முதலில் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது. எங்கள் ஊரில் உப்புத் தண்ணி என்றால் போர் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. சூடு பட்டால் காரை காரையாகப் படிந்து குழாயையே அடைத்துவிடும்.

"சார், இது போர் தண்ணி. தேய்க்கிற மாதிரி நேர்க்குழாய் வைக்கணும்" என்று போனில் சொன்னேன்.

"சாஃப்ட்வேர்ல ரன் முடிஞ்சு, ஒரு தப்பும் இல்லாம எல்லாம் பச்சையா இருக்கு. கையெழுத்துப் போடுங்க."

"தப்பான தண்ணியக் கொடுத்தாலும் அது பச்சைதான் சார் காட்டும்."

"வீட்ல உக்காந்து வேலை பாக்கிறவங்க இவ்வளவு பேசக்கூடாது. போடலைன்னா திங்கட்கிழமையிலேருந்து சென்னைக்கு வந்துடுங்க."

இடுப்பு ஆபரேஷன் ஆன அம்மாவை விட்டுவிட்டு நான் சென்னைக்குப் போக முடியாது என்று அவருக்குத் தெரியும். வேலையை விடு என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

"ஒரு கையெழுத்துதானடி, போட்டுட்டுப் போயேன்" என்றார் அம்மா.

"போடமாட்டேம்மா. அடைச்சுக்கிச்சுன்னா எம் பேருதான் நாறும்."

மறுநாள் ஆலைக்காரரோடு எனக்கும் மேனேஜருக்கும் வீடியோ மீட்டிங். வழக்கமாக நான் கேமராவைத் திறப்பதில்லை. அன்று திறந்தேன். குளியலறையிலிருந்து கொண்டுவந்திருந்த ஹீட்டர் ராடைத் தூக்கிக் காட்டினேன். சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக, விரல் தடிமனுக்குக் காரை.

"சார், நீங்க சொன்ன உப்புத் தண்ணி இதுதானே?"

ஆலைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்க வூட்டு ராடும் இப்படியேதாங்க இருக்குது. வேற எந்தத் தண்ணின்னு நெனச்சீங்க?"

தண்ணீரைச் சோதித்த ரிப்போர்ட்டைக் கேட்டேன். உடனே அனுப்புவதாகச் சொன்னார். மேனேஜர் தன் கேமராவை அணைத்துவிட்டார்.

மாலையில் அவரிடமிருந்து மெசேஜ்: "டிசைனை மாற்றுங்கள். திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துவிடுங்கள்."

ரிப்போர்ட்டில் இருந்த தண்ணீரைப் போட்டு, நேர்க்குழாய் வைத்து, காரை படியவும் இடம் விட்டுப் புதிதாக ஓட்டினேன். இந்த முறையும் பச்சைதான். என் பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கூடவே எழுதினேன்: "வரமாட்டேன் சார். வேலையை விட்டு எடுத்துவிடுவதென்றால் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை யாராவது உப்புத் தண்ணி என்றால் யாரைக் கேட்பீர்கள் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்."

பதில் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் மன்னிப்புக் கேட்க விரல் நகரவில்லை.

திங்கட்கிழமை காலை அம்மாவுக்குத் தண்ணீர் காய வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். துண்டை உதறிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். வேலையை விட்டு எடுத்திருந்தால் கம்பெனி பாஸ்வேர்டை முடக்கியிருக்கும். அடித்தேன். திறந்தது.