தோளில் பதிந்த கை

இது நடந்தது. கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் இதை அனுபவித்தவளை எனக்கு நன்றாகத் தெரியும். பேய்ப் படம் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிற ரகம் அவள். இப்போது சிரிப்பதில்லை. அவள் வாயால் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

அவளை எல்லோரும் டச்சப் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பழைய படங்களைச் சரிசெய்கிற வேலை. பூஞ்சை பிடித்தது, கரையான் அரித்தது, மடிப்பில் கிழிந்தது எது வந்தாலும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பேனா மாதிரி ஒரு குச்சியால் தடவித் தடவி ஆளைப் பிழைக்க வைத்துவிடுவாள். போன கண்ணுக்குக் கூடப்பிறந்தவர் படத்திலிருந்து ஒரு கண்ணைக் கடன் வாங்குவாள். வேண்டாத ஆளை எடுக்கச் சொன்னால், பக்கத்துச் சுவரை நகலெடுத்து அவர்மேல் பூசிவிடுவாள். விவாகரத்தான மாப்பிள்ளைகள் எத்தனையோ பேர் அவள் கையால் சுவராகியிருக்கிறார்கள்.

டச்சப்புக்கு அம்மா இல்லை. அப்பாதான் எல்லாம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். விடைத்தாளில் அரை மதிப்பெண் கூடப் போட்டுவிட்டால் ராத்திரி தூக்கம் வராத மனிதர். அப்பா ஒன்றைச் சொல்லிவிட்டால் அவளுக்கு அதற்கு மேல் விசாரணை கிடையாது. அவருக்கு எழுபது வயது நிறையப் போகிறது என்று குடும்பப் படங்களையெல்லாம் சேர்த்து ஒரு ஆல்பம் போட நினைத்தாள். பரணில் இருந்த இரும்புப் பெட்டியை இறக்கினாள். வினை அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

ஒரு கறுப்பு வெள்ளைப் படம். நாற்காலியில் தாத்தா. பக்கத்தில் முக்காலிமேல் ஆறு வயது அப்பா, அரைக்கால் சட்டையில். அப்பாவை ஒட்டிப் படம் முடிந்துவிடுகிறது. முடியவில்லை, யாரோ கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருக்கிறார்கள். ஆனால் வெட்டியவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. அப்பாவின் இடது தோள்மேல் நாலு விரல் மட்டும் மிச்சம் இருந்தது.

"யாருப்பா இது?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க அக்கா."

"உங்களுக்கு அக்காவா? எனக்கு ஒரு அத்தை இருந்தாங்களா? சொல்லவே இல்லையே!"

"என்னத்தச் சொல்றது? கால்ல சக்கரம் கட்டினவ. சொல்லாம கொள்ளாம வீட்ட விட்டு நடந்து போயிடுவா. ரெண்டு நாள் கழிச்சு வந்து நிப்பா. ஒரு தடவ போனவ வரவே இல்ல. எங்கயோ செத்துக் கிடந்தா. நீ பொறக்கறதுக்கு முன்னாடி." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்தக் கைய அழிச்சுடு."

டச்சப்புக்கு மனசு கேட்கவில்லை. அழிப்பதாவது! அத்தையை முழுசாகக் கொண்டுவந்து அப்பா பக்கத்தில் நிறுத்தி, ஆல்பத்தைத் திறந்ததும் அவர் கண்கலங்க வேண்டும் என்று கணக்குப் போட்டாள். அத்தை எப்படி இருப்பாள், எப்படி வாழ்ந்தாள் என்று தேட ஆரம்பித்தாள்.

பெட்டியில் இருந்த மற்றப் படங்களிலும் கத்தரிக்கோல் புகுந்திருந்தது. அத்தையின் முகம் ஒன்றில்கூட மிஞ்சவில்லை. ஆனால் அப்பாவின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அட்டைகள் இருந்தன. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் எல்லா வருடமும் ஒரே பெண்ணின் கையெழுத்து. தாயில்லாத தம்பியை வளர்த்தது அந்த அக்காதான். பழைய ரேஷன் அட்டையில் தாத்தா பெயருக்கு எதிரே 'இறப்பு' என்று எழுதி அடித்திருந்தார்கள். அத்தை பெயருக்கு எதிரே 'நீக்கம்' என்று மட்டும் இருந்தது. டச்சப் நகராட்சி ஆபீசுக்கும் போய் வந்தாள். அங்கே இருந்த கிளார்க் முன்னும் பின்னும் பல வருடங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இறப்புப் பதிவே இல்லையேம்மா."

அப்பாவிடம் கேட்டாள். "வேற ஊர்ல எங்கயோ அனாதையாச் செத்தவளுக்கு இங்க யாரு பதிவு பண்ணுவா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை வேலையை ஆரம்பித்தாள். தாத்தாவின் நெற்றி. அப்பாவின் கண்கள். மோவாய்க்கு மட்டும் ஒன்றும் பொருந்தவில்லை. விளையாட்டாகத் தன் படத்திலிருந்து தன் மோவாயை எடுத்து வைத்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. இருபது வயசு அத்தை திரையிலிருந்து அவளைப் பார்த்தாள். டச்சப்புக்கே பெருமை தாங்கவில்லை. "வாங்கத்தே" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை படத்தைத் திறந்தபோது ஏதோ இடித்தது.

முந்தின நாள் அந்த விரல்கள் தோள்மேல் சும்மா படுத்திருந்தன. நகம் நகமாகப் பெரிதுபண்ணிப் பார்த்தவள் அவள். இப்போது விரல்கள் மடங்கியிருந்தன. அழுத்திப் பிடித்திருந்தன. பிடித்த இடத்தில் சிறுவன் அப்பாவின் சட்டை கசங்கியிருந்தது.

கம்ப்யூட்டர் கோளாறு என்று அசல் படத்தை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான். அறுபது வருடத்துப் படம்... சட்டை கசங்கியிருந்தது.

நேற்று சரியாகப் பார்க்கவில்லை போல என்று சொல்லிக்கொண்டாள். சரியாகப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பே என்பதை அப்போது நினைக்க விரும்பவில்லை.

மத்தியானம் பின்னால் இருந்த அறையில் சத்தம். சரக்... சரக்... செருப்பைத் தேய்த்துக்கொண்டு யாரோ இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கிற சத்தம். எட்டிப் பார்த்தாள். விளக்குக் குடைகள், மடக்கு நாற்காலி, திரைச்சீலை. ஆள் இல்லை. வந்து உட்கார்ந்ததும் மறுபடியும்... சரக்... சரக்...

புதன்கிழமை பாஸ்போர்ட் போட்டோ வாங்க ஒரு டீச்சர் வந்திருந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடையில் அவர்கள் இரண்டு பேர்தான். டீச்சர் கவரை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார்.

"உங்க பின்னாடி நிக்கிறாங்களே பெரியம்மா, அவங்களுக்கு ஒரு சேர் போடும்மா. வயசானவங்க, எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

டச்சப் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

ஏனென்றால் அவள் இடது தோள்மேல் அந்த நிமிடம் ஒரு கனம் இருந்தது.

பேய் என்றால் ஜில்லென்று இருக்கும் என்பார்கள். இது ஜில்லென்று இல்லை. சூடாக இருந்தது. காய்ச்சல்காரர் கை மாதிரி... சூடு.

காதுக்குப் பக்கத்தில் மூச்சு. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு.

அலறி அடித்துக்கொண்டு வெளியே ஓடி, பிளாட்பாரத்தில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. அத்தை செத்துட்டாங்களா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது.

"எத்தன தடவ சொல்றது? செத்துட்டா."

"சத்தியமா?"

"உன்மேல சத்தியம். போதுமா? செத்தவள ஏன் போட்டு நோண்டுற? அந்தக் கைய அழிச்சுட்டு மத்த வேலையப் பாரு."

அப்பா அவள்மேல் சத்தியம் செய்தது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை அழித்துவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனாள். பட்டப்பகலில், முதலாளி பக்கத்தில் இருக்கும்போது முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் தனியாகத்தான் படத்தைத் திறந்தாள்.

அத்தையின் உதடுகளை அவள் மூடித்தான் வரைந்திருந்தாள்.

திறந்திருந்தன.

சரக்... சரக்... இந்தத் தடவை பின் அறையில் இல்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால். வந்து நின்றது.

தோளில் கை பதிந்தது. நாலு விரல். அதே சூடு. சட்டைத் துணி கசங்குவது அவளுக்குத் தெரிந்தது.

"வா..." என்றது குரல். காய்ந்துபோன தொண்டை. "வாம்மா... சீக்கிரம் வந்துடு..."

செத்துப்போனவள் 'வா' என்று கூப்பிட்டால் யார் என்ன நினைப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள். அவளும் அதைத்தான் நினைத்தாள்.

குச்சியை எடுத்தாள். சுவரை நகலெடுத்தாள். பூசினாள்.

நெற்றி போனது. கண்கள் போயின. மோவாய் போனது.

தோளில் பிடி இறுகியது. "வேண்டாம்மா... வேண்டாம்..."

நிறுத்தவில்லை. சுண்டு விரல்.

மோதிர விரல்.

நடு விரல்...

ஆள்காட்டி விரல் கடைசி.

தோள் லேசானது.

அறையில் சத்தமே இல்லை. திரையில் தாத்தா, பக்கத்தில் முக்காலிமேல் ஆறு வயது அப்பா, அவருக்குப் பின்னால் வெறும் சுவர். சேமித்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள். அதை நினைத்தால்தான் இப்போது தாங்கவில்லை என்கிறாள்.

சனிக்கிழமை காலை அப்பா குளித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் அவருடைய போன் விடாமல் அடித்தது. டச்சப் எடுத்தாள். ஒரு பெண் குரல்.

"வாத்தியார் வீடுங்களா? ஹோம்லேருந்து நர்ஸ் பேசுறேன். உங்க பேஷண்ட் வியாழக்கிழமை ராத்திரி தவறிட்டாங்க. நேத்திலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம். உடம்ப வாங்கிக்கிறீங்களா, இல்ல நாங்களே அடக்கம் பண்ணிடலாமா?"

"யாரு... எந்த பேஷண்ட்?"

"அவரோட அக்காங்க."

அப்பா துண்டோடு வந்து நின்றார். அவள் கையில் போனைப் பார்த்தார். அவர் முகத்தில் திகைப்பு இல்லை. மாட்டிக்கொண்ட முகம் அது.

"செத்துட்டாங்கன்னு சொன்னீங்களேப்பா."

"கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு. புத்தி பேதலிச்சு ஊர் சுத்தற அக்கா இருக்கான்னு உங்கம்மா வீட்டுல தெரிஞ்சா நின்னு போயிடும். ஒரு வாரம் வச்சுக்கங்கன்னுதான் கொண்டு போய் விட்டேன். ஊர் சுத்திக் காட்டுறேன்னு சொன்னதும் சின்னப் புள்ள மாதிரி கிளம்பி வந்தா." அவர் தரையைப் பார்த்தார். "அப்புறம் எந்த முகத்தோட போய்க் கூப்பிடறது?"

"என்மேல சத்தியம் பண்ணீங்களேப்பா..."

நர்ஸிடம் விலாசம் கேட்டு, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு பக்கத்தில்தான் அத்தை இத்தனை காலமும் இருந்திருக்கிறாள். பிறந்ததிலிருந்து நம்பிய ஒரே மனிதர் நெஞ்சறிந்து ஏமாற்றினால் எப்படி இருக்கும் என்று அந்தப் பஸ்ஸில்தான் தெரிந்துகொண்டேன் என்று என்னிடம் சொன்னாள். அழக்கூட வரவில்லையாம்.

நர்ஸ் வாசலிலேயே காத்திருந்தாள். நடுத்தர வயது. பேசிக்கொண்டே நடந்தாள்.

"கொஞ்ச நாளா காய்ச்சல். முடியலன்னு போன வாரமே உங்க அப்பாவக் கூப்பிட்டோம். அப்படி ஒரு ஆள் எங்க குடும்பத்துலயே இல்லன்னுட்டாரு. ஆனா பாருங்க, திங்கக்கிழமை திடீர்னு தெளிஞ்சுட்டாங்க. 'என்னைய வாங்கன்னு கூப்பிட்டுட்டாங்க, ஆள் வருது'ன்னு ஒரே சந்தோஷம். துணிமணியெல்லாம் பையில கட்டிக்கிட்டு, செருப்பப் போட்டுக்கிட்டு, ரூமுக்குள்ள இங்கயும் அங்கயும் நடந்துக்கிட்டே இருந்தாங்க. வலது கைய இப்படி முன்னாடி நீட்டி வச்சுக்கிட்டு. யார் தோளையோ புடிச்ச மாதிரி."

டச்சப் குறுக்கே கேட்டாள். "வியாழக்கிழமை?"

"சாயங்காலம் நாலு மணி இருக்கும். 'வேண்டாம் வேண்டாம்'னு கத்தினாங்க. ஓடி வந்து பாத்தா, 'என் கையக் காணோம், கையக் காணோம்'னு தேடுறாங்க. கை அங்கதான் இருக்கு, ஆனா தொங்கிப்போச்சு. எனக்கு நல்லாத் தெரியும், நான்தான் கூட இருந்தேன். சுண்டு விரல்லேருந்து ஒவ்வொண்ணா மரத்துக்கிட்டே வந்துச்சு. டாக்டர் வந்து பக்கவாதம்னாரு. ராத்திரி உயிர் போயிடுச்சு."

"கடைசியா... ஏதாவது சொன்னாங்களா?"

நர்ஸ் நின்றாள். சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரி அவளைப் பார்த்தாள்.

"'தம்பிதான் விட்டுட்டான்னு நெனச்சேன். தம்பி மகளும் விட்டுட்டா'ன்னு சொன்னாங்க."

அந்தக் கட்டிடத்துக்குள் அத்தை காலெடுத்து வைத்தது தம்பிக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால். அதற்கப்புறம் அவளைப் பார்க்க ஒரே ஒரு ஆள்கூட வந்ததில்லை. தம்பிக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று அவளிடம் யாருமே சொன்னதில்லை.