படலையில் கொழுவிய கலியாணம்

புதுப் பட்டுப் பாவாடைக்கு ஒரு மணம் உண்டு. கடைக் கஞ்சியும் பூச்சியுருண்டையும் கலந்து, மூக்கை வைத்தால் தும்மல் வருகிற மணம். சாந்தியக்காவின் கலியாணத்துக்கென்று அம்மா எனக்குத் தைப்பித்த பச்சைப் பாவாடை அப்படித்தான் மணத்தது. அதை அலுமாரியிலிருந்து எடுத்து எடுத்து மணந்து பார்த்து, "கசக்காதையடி" என்று பேச்சு வாங்கியதுதான் அந்தக் கலியாணத்தில் எனக்குக் கிடைத்த சுகம். கலியாணத்துக்கு நாங்கள் போகவில்லை.

சாந்தியக்கா என் சித்தப்பாவின் மூத்த மகள். அப்பாவும் சித்தப்பாவும் உடுப்பிட்டியில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். சித்தப்பா கலியாணம் முடித்தபின் தெல்லிப்பழையில் சித்தியின் சீதன வீட்டுக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் அக்கா எங்களிடம் வந்துவிடுவாள். எனக்குச் சைக்கிள் பழக்கியது, பேன் பார்த்தது, மாங்காயை உப்பும் தூளும் தொட்டுத் தின்னக் காட்டித் தந்தது எல்லாம் அவள்தான். தன் கலியாணத்தில் பூத்தட்டத்தோடு பக்கத்தில் நான்தான் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கிணற்றடியில் தட்டத்துக்குப் பதிலாகச் சுளகைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து பழகினேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் "சொல்லுவது" என்றால் அழைப்புக் காட்டை நீட்டிவிட்டுப் போவதல்ல. புருசனும் பெண்சாதியுமாக வீடு தேடி வந்து, உள்ளே இருந்து, தேத்தண்ணி குடித்து, காட்டைக் கையில் கொடுத்து, வாயாலும் சொல்ல வேண்டும். முதல் காட் கோயிலுக்கு. அடுத்தது கூடப்பிறந்த மூத்தவருக்கு. இதில் கொஞ்சம் பிசகினாலும் ஆயுசுக்கும் பகை.

சித்தப்பாவும் சித்தியும் சொல்ல வரத்தான் வந்தார்கள். தெல்லிப்பழையிலிருந்து மோட்டார் சைக்கிளில் அவ்வளவு தூரம் வந்த நேரம் பார்த்து நாங்கள் வீட்டில் இல்லை. வெங்காயம் கிண்டி எடுக்கிற நாள், குஞ்சு குருமான் எல்லாம் தோட்டத்தில். வாசல் படலை பூட்டிக் கிடந்தது. அவர்களுக்கு எங்கள் வடமராட்சிப் பக்கம் இன்னும் பல வீடு சொல்லக் கிடந்தது. அண்ணை வீடுதானே, பிறகு ஆறுதலாக வந்து சொல்லுவோம் என்று நினைத்து, காட்டையும் வெற்றிலை பாக்கையும் ஒரு சீப்புக் கதலிப்பழத்தையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுப் படலையில் கொழுவித் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். முன்வீட்டு மணியக்காவின் ஆடு, கட்டாக்காலி மூதேவி, அவர்கள் போன கையோடு வந்து பையைக் கிழித்துப் பழம், வெற்றிலை, காட் என்று ஒன்றும் விடாமல் தின்றிருக்கிறது. ஆடு பழத்தைத் தின்பதை மணியக்கா கண்டிருக்கிறார். தன் ஆடு செய்த வேலைக்கு வெட்கப்பட்டு, கிழிந்த பையை எடுத்துத் தன் வீட்டுக் குப்பையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். எங்களுக்குக் கலியாணம் எப்போதோ சொல்லியாகியிருக்கும், போனது பழம்தானே என்பது அவருடைய நினைப்பு.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அன்று தோட்டத்தால் வந்தபோது படலை வெறுமையாக இருந்தது.

அப்பா காத்திருந்தார். கோயிலடியிலும் கடையடியிலும் கண்டவர்கள் எல்லாம், தம்பியின் மகளின் கலியாணத்துக்கு எப்போது வெளிக்கிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஊரில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டிலெல்லாம் காட் கிடந்தது. அப்பா "பாப்பம்" என்று சொல்லிவிட்டு வந்து எங்களோடு எரிந்து விழுந்தார். வீட்டுக்கு வீடு போன் வராத காலம். ஒருக்கால் போய் என்ன ஏதென்று கேட்டுவிட்டு வரச்சொல்லி அம்மா கெஞ்சினா. "அழையா வீட்டுக்கு நுழையாச் சம்பந்தி" என்று ஒரு பழமொழியை எடுத்து வைத்துக்கொண்டு அப்பா அசையவில்லை. அங்கே சித்தப்பாவோ, கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் நடுகிற அன்றைக்கு முன்னுக்கு நிற்க வேண்டிய அண்ணையைக் காணாமல் ரோட்டைப் பார்த்தபடி நின்றாராம். அதன்பிறகு இரண்டாம் முறை வந்து சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே இரத்தம், ஒரே வீம்பு.

கலியாண நாளன்று அப்பா விடியவே தோட்டத்துக்கு இறைக்கப் போய்விட்டார். நான் பாவாடையை உடுத்திக்கொண்டு, கடைசி நேரத்திலாவது சித்தப்பா ஆள் அனுப்புவார் என்று படலையடியில் நின்றேன். வெயில் ஏறியதும் அம்மா வந்து என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனா. அன்றைக்கு அப்பாவை வெறுத்தேன். அந்த வெறுப்பு முழுதாகப் போய்விட்டது என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

சில மாதம் கழித்து, அம்மா மணியக்காவிடம் சொல்லி அழுதபோதுதான் ஆட்டின் கதை வெளியே வந்தது. அம்மாவுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் மீதும் பிழை இல்லை, இனி எல்லாம் சரி என்று தோட்டத்துக்கே ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னா. நானும் பின்னால் ஓடினேன். அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அப்ப படலையிலை கொழுவிப்போட்டே போனவன்? இதென்ன பேப்பர் போடுற வீடே?"

அம்மா விடவில்லை. தெல்லிப்பழைப் பக்கம் போகிற ஒரு சொந்தக்காரரிடம் சித்தப்பாவுக்கு விசயத்தைச் சொல்லி அனுப்பினா. அவர் கொண்டுவந்த மறுமொழி இது:

"ஆடு திண்டது காட்டைத்தானே. அண்ணைக்குக் கால் இருந்ததுதானே?"

அவ்வளவுதான். ஆட்டை மன்னித்தார்கள், ஆளை ஆள் மன்னிக்கவில்லை. சாந்தியக்கா எங்களுக்குச் சொல்லாமலே கனடா போனாள். நாங்கள் ஏன் வரவில்லை என்று அவளுக்கு என்ன சொல்லி வைத்தார்களோ தெரியாது. எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை.

நான் வேலைக்குப் போகத் தொடங்கியபின் ஒருநாள் சித்தப்பா மாரடைப்பில் போய்விட்டார் என்று ஊரில் கதைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வந்து அறிவிக்கவில்லை. கெட்டதுக்குச் சொல்லத் தேவையில்லை என்பது முறை. அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் வெளிக்கிட்டார், நானும் கூடப் போனேன். வாய்க்கரிசி போடும்போது அரிசி சித்தப்பாவின் நெஞ்சிலெல்லாம் கொட்டியது. குனிந்து, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நீ சொல்லாமலே வந்திட்டன் தம்பி."

எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. இதைப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் செய்திருக்கலாமே மனிசா என்று கத்த வேண்டும்போல இருந்தது. செத்த வீட்டில் கத்தி என்ன பயன்?

இப்போது நான் நல்லூரில் இருக்கிறேன். கூரியர் பெடியன் பொதியைக் கேற்றில் கொழுவி, படம் பிடித்து அனுப்பிவிட்டுப் போகிறான். கலியாணக் காட்டும் போனிலேயே வருகிறது, ஒருவரும் குறை நினைப்பதில்லை. போன ஆவணியில் சாந்தியக்கா தன் மகளின் கலியாணத்தை வைக்கக் கனடாவிலிருந்து இங்கே வந்தாள். எனக்கும் போனில் ஒரு காட் வந்தது. மண்டபம் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அப்பாவைப் போல இருக்கக்கூடாது என்பதற்காகவே போனேன்.

அக்கா தடித்திருந்தாள், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் யாரென்று பிடித்துவிட்டாள். உடுப்பிட்டி வீட்டில் என்னை "எடியே" என்பதைத் தவிர வேறொன்றும் கூப்பிட்டறியாதவள், இரண்டு கைகளையும் பிடித்துச் சிரித்தாள்.

"நீங்கள் வந்தது பெரிய சந்தோசம். சாப்பிட்டியளோ?"

எனக்குப் பின்னால் நின்றவரிடமும் அதே சிரிப்போடு அதையேதான் கேட்டாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டேன்.