அக்காவின் செடிகள் ஏன் சாய்கின்றன

“உங்க அக்கா வரையற செடியெல்லாம் ஏன் ஒரே பக்கமா சாயுது?” என்று ஒருவர் என்னைக் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. “காத்து!” என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, தோளிலிருந்து நழுவிய சால்வையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். சிலருக்குப் பேச எதிரில் ஆள் வேண்டாம். சுவர் போதும்.

அவர் நகரத்து ஓவியக் கூடத்தின் தலைவர். மண்டை பிளக்கிற வெயிலிலும் சால்வையைக் கழற்றமாட்டார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே சால்வைதான்.

என் அக்கா டாட்டூ போட்டுக்கொண்டிருந்தவள். செல்போன் ரிப்பேர் கடைக்குப் பின்னால் அவளுக்கு ஓர் அறை. சாய்வு நாற்காலியைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். சொந்தக்காரர்கள் செல்போன் கடையோடு திரும்பிவிடுவார்கள். “உள்ளே ரவுடிங்க வருவாங்க” என்பார் பெரியப்பா. அங்கே வந்த ரவுடிகளை எனக்குத் தெரியும். ஒருவர் பல் டாக்டர். ஊசி தோலைத் தொடும் முன்பே அழுதார்.

வருகிறவர்கள் கேட்டதெல்லாம் ரோஜா, சிங்கம், காதலன் பெயர். காதலன் போன பிறகு அந்தப் பெயரை மறைக்க இன்னொரு ரோஜா. பஸ் கண்டக்டராக இருக்கும் அக்காவின் தோழி ஒருத்திதான் வேறு கேட்டாள்.

“எனக்கு நெருஞ்சி போடுடி. டிக்கெட் வாங்கற சாக்குல கையைப் புடிக்கிறவனுக்கு முள்ளு இருக்குன்னு தெரியட்டும்.”

அதற்காக அக்கா பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் குந்தி உட்கார்ந்து நெருஞ்சியைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். அங்கேயே எருக்கும் தும்பையும் குப்பைமேனியும் இருந்தன. அதன்பிறகு அவளுக்கு ரோஜா பிடிக்காமல் போனது. “யார் தண்ணி ஊத்தினா இதுக்கெல்லாம்? ஆனா எப்படி நிக்குது பாரு” என்பாள்.

மெஷினின் அதிர்வில் அவள் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் என்னைக் கூப்பிடுவாள். மெஷினை விடாவிட்டால் இது நிரந்தரமாகிவிடும் என்றார் டாக்டர்.

“விட்டுட்டு?” என்றாள் அம்மா.

“கான்வாஸ்ல செடி வரையப்போறேன்.”

“வாசல்ல சும்மா முளைக்கிறதை எவன்டி சுவத்துல மாட்டுவான்?”

மாட்டியவர் மெஷினை விடச் சொன்ன அதே டாக்டர்தான். நோயாளிகள் காத்திருக்கிற அறையில் எருக்கம்பூ ஒன்று தொங்கியது. முட்டிவலிக்காக வந்த சால்வை அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டைத் தேடி வந்தார். எருக்கையே என்ன செடி என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், ஆண்டுக் கண்காட்சியில் ‘நாட்டுச் செடிகள்’ என்று ஒரு முழுச் சுவரைத் தருவதாகச் சொன்னார். “காத்துக்குத் தலைவணங்குற செடிகள்! எந்தப் பள்ளியிலயும் சொல்லித் தரமுடியாத வளைவு!” என்றார். அதையே அழைப்பிதழிலும் அச்சடித்தார்.

அவர் போனதும் அக்கா, “இது நடக்கலேன்னா மறுபடி மெஷின்தான்டி” என்று விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். அழைப்பிதழைப் பார்த்த பெரியப்பா மட்டும் ஊரெல்லாம் “என் தம்பி பொண்ணு ஓவியர்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரவுடிகள் எங்கே போனார்களோ.

கண்காட்சி அன்று சால்வை நெருஞ்சிப் படத்தின் முன் நின்று காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் கண்களை மூடித் தலையாட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓவியம் பார்க்கிறவர்களை அன்றுதான் பார்த்தேன். அப்போது அந்தக் கண்டக்டர் தோழி வேலையிலிருந்து நேராக வந்தாள். கழுத்திலிருந்து விசிலைக்கூடக் கழற்றவில்லை. படத்தைப் பார்த்தாள், சட்டைக் கையைச் சுருட்டினாள், முன்கையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“ஏய்! இது என் கைடி!”

அதே சாய்வு. மணிக்கட்டுப் பக்கம் மெலிந்து, எலும்பு திரும்புகிற இடத்தில் திரும்பி, மேலே அகன்ற அதே கொடி.

“யார் போட்டது இது?” என்றார் சால்வை.

“இவதான். வலிக்கவே இல்ல. உங்களுக்கும் வேணுமா சார்?”

அக்கா சாதாரணமாகத்தான் விளக்கினாள். “கையில நேரா வரைஞ்சா, கை திரும்பும்போது கோணலாத் தெரியும் சார். வளைச்சு வரைஞ்சாத்தான் நேரா நிக்கும். பத்து வருஷப் பழக்கம். துணியிலயும் அப்படித்தான் வருது.”

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. சால்வைக்கு முகம் கருத்துவிட்டது. அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார்.

“டாட்டூக்காரின்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. அப்ப இது வெறும் கைப்பழக்கக் கோளாறு.”

“நீங்க எங்க சார் சொல்லவிட்டீங்க?”

“சரி, ஒண்ணும் கெட்டுப்போகல. அந்தப் பொண்ணைச் சட்டைக் கையை இறக்கிவிடச் சொல்லுங்க. யார் கேட்டாலும் காத்துன்னே சொல்லுங்க. சுவர் உங்களுக்குத்தான்.”

அக்கா விரல்களைத் தேய்த்தாள். அவள் சரி என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன், அந்த விரல்களுக்குப் பொத்தான் போட்டுவிட்டவள் நான்.

“நேத்து காத்து, இன்னைக்குக் கோளாறா சார்?” என்றாள். “அவ கையில இருக்கறதும் நான் வரைஞ்சதுதான். அதை மூடணும்னா இதையும் மூடணும்.”

நெருஞ்சியை அவளே ஆணியிலிருந்து கழற்றினாள். மற்றவற்றை நானும் கண்டக்டரும் கழற்றினோம். தலையாட்டியவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாசலில் கண்டக்டர் விசிலை ஊதி, “போலாம் ரைட்!” என்றாள்.

படங்கள் இப்போது அந்தப் பழைய அறையில் தொங்குகின்றன. சாய்வு நாற்காலியையும் மெஷினையும் விற்றாகிவிட்டது. கதவு முழுசாகத் திறக்கிறது. அவளிடம் டாட்டூ போட்டுக்கொண்டவர்கள் வந்து, தங்கள் வாசலில் முளைக்கிற செடியை வரைந்து தரச் சொல்கிறார்கள். முதலில் வந்தவர் அந்தப் பல் டாக்டர். பிழைப்பு ஓடுகிறதா என்றால், நொண்டி நொண்டி ஓடுகிறது. பெரியப்பா மறுபடியும் செல்போன் கடையோடு திரும்புகிறார்.

சால்வை இன்றும் மேடைகளில் தான் கண்டுபிடித்த காற்றுச் செடிகளைப் பற்றிப் பேசுகிறாராம், வரைந்தவள் பெயரை விட்டுவிட்டு. அவருக்கு மைக் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. அதனால் இதைப் படித்தவர்கள் இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். அந்தச் செடிகளை வளைத்தது காற்று என்று யாராவது சொன்னால், ஒரு கண்டக்டரின் முன்கையைப் பற்றிச் சொல்லுங்கள்.