தெருக்காரர்களுக்கு இட்லி இல்லை

தகரத்தில் ஆணி இறங்கும் சத்தத்தை அதற்கு முன்பு நான் கவனித்துக் கேட்டதில்லை. அன்று காலை அத்தை வீட்டு வாசலில் இரண்டு சவுக்குக் கழிகளை நட்டு, குறுக்கே தகரத்தை வைத்து அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் தகரம் முழுவதும் அதிர்ந்து ஓய்ந்தது. தெருமுனையில் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே, பால் பாக்கெட்டும் மருந்துப் பையுமாக நான் நின்றிருந்தேன். அடித்த ஆட்கள் எங்கிருந்தோ வந்தவர்கள். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தகரத்தின் ஒரு முனையைக் கோணாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் தெருச் சங்கத் தலைவர். முகக்கவசம் அவருடைய தாடைக்குக் கீழே தொங்கியது. "பின்பக்கமும் அடிச்சிடுங்க. அந்த வெள்ளக்காரம்மா அந்த வழியாத்தான் போயிட்டு வருது" என்று சத்தமாகச் சொன்னார். உள்ளே காய்ச்சலில் படுத்திருந்த அத்தைக்கும் அது கேட்டிருக்கும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் சிறு பெண்ணிலிருந்தே நான் அத்தை வீட்டிலிருந்துதான் படித்தேன். செங்கம் சாலையிலிருந்து பிரியும் அந்தத் தெருவில், ஆசிரமத்துக்கு வருகிறவர்களை நம்பித்தான் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. மாடியில் ஓர் அறை, மொட்டைமாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை, படிக்கட்டின் அடியில்கூட ஒரு கட்டில் என்று ஆளாளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மாமா இறந்துபோன பிறகு அத்தை வீட்டின் முன்பக்கத்தில் மெஸ் ஆரம்பித்தார். காலையில் இட்லி, பொங்கல், மதியம் சாப்பாடு. காரத்தைக் குறைத்து ஒரு சட்னி, தெருக்காரர்களுக்கு வழக்கமான சட்னி என்று இரண்டு வகை அரைப்பார். தெருவில் யார் வீட்டில் விசேஷம், துக்கம் என்றாலும் முதலில் அத்தையின் இட்லிக் குண்டான்தான் அங்கே போகும். சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் அவர் யாரையும் தாண்டிப் போனதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதை அன்பென்று எடுத்துக்கொண்டார்கள். வாயாடி என்று சொன்னவர்களும் உண்டு.

வெள்ளைக்காரம்மா என்று தலைவர் சொன்னவர் ஜெர்மனியிலிருந்து வந்தவர். தலைவர் வீட்டு மாடியில்தான் பல வருஷங்களாக வாடகைக்கு இருந்தார். நரைத்த தலையை ஒட்ட வெட்டி, பருத்திப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருப்பார். தமிழ் பேசுவார். மரியாதை விகுதி மட்டும் இடம் மாறி விழும். தெரு நாய்களை "வாங்க, உட்காருங்க" என்பார். தலைவரை "நீ நல்லா இருக்கியா?" என்று கேட்பார். தெருவே சிரிக்கும், தலைவரும் சிரிப்பார். காலை மெஸ் முடிந்ததும் அவரும் அத்தையும் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். இரண்டு பேரும் அப்படி என்னதான் பேசுவார்கள் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

ஊரடங்கு வந்தபோது கோயில் கதவு சாத்தப்பட்டது. பௌர்ணமிக் கிரிவலத்துக்குத் தடை என்றார்கள். எப்போதும் கால் வைக்க இடமிருக்காத கிரிவலப் பாதையில் போலீஸ் தடுப்புகளும் குரங்குகளும் மட்டும் இருந்தன. நான் அப்போது வேங்கிக்காலில் தனியாக அறை எடுத்துத் தங்கி, ஒரு மருந்துக் கடையில் வேலை செய்ததால் வண்டியில் போய்வர எனக்கு அனுமதி இருந்தது. அப்படிப் போய்வரும்போதுதான் ஊரின் முகம் மாறுவதைப் பார்த்தேன். நேற்றுவரை வெளிநாட்டுக்காரர்களைக் கையைப் பிடித்துக் கடைக்குள் அழைத்தவர்கள், அவர்களைக் கண்டதும் ஷட்டரை இறக்கினார்கள். பால்காரர் ஊற்ற மறுத்தார். ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஜெர்மனிக்காரம்மா அந்த ஊரைவிட்டு வெளியே போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நோய் எங்கிருந்து வந்திருந்தாலும் அவரிடமிருந்து வந்திருக்க முடியாது. அது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே தலைவர் மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாயை அடைத்தார். மறுநாள் அறையைக் காலி செய்யச் சொன்னார்.

அந்த அம்மா ஒரு துணிப்பையோடு மெஸ் வாசலில் வந்து நின்றார். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. பின்கட்டில் அரிசி மூட்டை வைக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தார். மதியத்துக்குள் தெரு கூடிவிட்டது.

"யக்கா, ஊரே பயந்து கெடக்குது. நீ இவங்களக் கொண்டாந்து உள்ள வச்சா என்ன அர்த்தம்?" என்று தலைவர் கேட்டார்.

"நேத்து வரைக்கும் உன் மாடியிலதான இருந்தாங்க? அப்ப உனக்கு வராத நோவு எனக்கு வந்துடுமா?"

"உனக்கு சொன்னாப் புரியாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

"பாக்க வாணாம். போங்க, போய் எல்லாரும் சாப்புடுங்க."

பின்னாலிருந்து ஜெர்மனிக்காரம்மாவின் குரல் வந்தது. "அக்கா, நான் போறேன். உங்களுக்குக் கஷ்டம்." அத்தை திரும்பிப் பார்க்காமலேயே, "நீ உள்ள போ" என்றார்.

அதன் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து செய்ததுதான் தெருவை இன்னும் எரிச்சலூட்டியது. மெஸ்ஸில் வியாபாரம் இல்லை. ஆனால் கிரிவலப் பாதையில் சாமியார்கள் பட்டினியாகக் கிடந்தார்கள். அன்னதானம் நின்றுபோய்விட்டது. இருந்த அரிசியில் சாம்பார் சாதம் கிளறி, பொட்டலம் கட்டி, அடி அண்ணாமலை பக்கம் வரைக்கும் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். போலீஸ்காரர்கள்கூட முதல் நாள் அதட்டிவிட்டு அடுத்த நாள் பொட்டலம் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் தெருக்காரர்கள்தான் மாடியில் நின்று செல்போனில் படம் பிடித்து அனுப்பினார்கள். புகார் போய், சுகாதார ஆட்கள் வந்து, இருவருக்கும் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அந்த முடிவை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில் தலைவரின் மனைவி அத்தைக்குப் போன் செய்தார். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர். "யக்கா, பையனுக்கு ஒடம்பு சரியில்ல. வாய்க்கு எதுவும் பிடிக்கலங்கறான். உன் கையால மொளகு ரசமும் கஞ்சியும் வச்சுத் தர்றியா?" அவர்களுடைய ஒரே மகன் சென்னையில் வேலை பார்த்தான். அப்போது சென்னையிலிருந்து யார் வந்தாலும் தகவல் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். "எப்பம்மா வந்தான்?" என்று அத்தை கேட்டதற்கு, "அவன் லாக்டவுனுக்கு முன்னாடியே வந்துட்டானே, வெளிய வராததால உனக்குத் தெரியல. மொட்டமாடி வெயில்ல நின்னு சூடு புடிச்சிக்கிச்சு" என்று பதில் வந்தது.

அத்தை நம்பினார். தூக்குவாளியில் ரசம் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அப்படி வைத்துவிட்டு வருகிற ஆள் இல்லை அவர். உள்ளே போனார். பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து உட்கார வைத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினார். அவன் பிறந்தபோது முதல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியதும் அத்தைதான். பக்கத்தில் அவன் அம்மா நின்றிருந்தார், வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு. கதவோரம் தலைவர் நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தின வாரம்தான் அவன் சென்னையிலிருந்து பைக்கில் குறுக்கு வழியாக ஊர் வந்து சேர்ந்திருந்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தை தொடர்ந்து கஞ்சி கொண்டுபோனார். அவன் தேறினான்.

பிறகு ஒரு நாள் சாம்பார் கொதிக்கும்போது அத்தைக்குப் பெருங்காய வாசனை தெரியவில்லை. டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தார், தெரியவில்லை. மாலையில் காய்ச்சல். தலைவர் வீட்டுக்குப் போன் செய்து, "ஏம்மா, பையனுக்கும் வாசன தெரியாம இருந்துச்சா? மறைக்காம சொல்லு, டாக்டர் கிட்ட சொல்லணும்" என்று கேட்டார். போன் துண்டிக்கப்பட்டது. மறுபடியும் அடித்தார். எடுக்கவே இல்லை.

சோதனையில் அத்தைக்குக் கொரோனா என்று வந்தது. மூச்சு நன்றாக இருக்கிறது, வீட்டிலேயே இருக்கலாம் என்று சுகாதார ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் தகரம். ஜெர்மனிக்காரம்மாவும் உள்ளே மாட்டிக்கொண்டார். தகரத்தின் இடுக்கு வழியாக நான் தண்ணீர் கேனையும் மருந்தையும் தள்ளுவேன். நரம்போடிய வெள்ளைக் கை ஒன்று வெளியே வந்து வாங்கிக்கொள்ளும். "இன்னைக்குக் காய்ச்சல் கம்மி" என்று குரல் வரும். அந்த நாட்களில் தெருவிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர்கூட அந்த வாசலுக்கு வரவில்லை. மாடிகளில் மட்டும் தலைகள் தெரியும். வெள்ளைக்காரம்மாவால் வந்த வினை என்று தலைவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மகன், நன்றாகத் தேறி, அவருடைய மொட்டைமாடியில் நின்று பட்டம் விட்டுக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் சொல்லிடட்டுமா அத்த?" என்று தகரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"வாணாம். அவனா சொல்றானா பாக்கலாம்."

தலைவர் சொல்லவில்லை. தகரத்தைப் பிரித்த பிறகும் சொல்லவில்லை. போலீஸில் பதியாமல் வெளிநாட்டுக்காரரை வீட்டில் வைத்திருப்பதாக ஒரு புகார் போனதுதான் மிச்சம். விசாரிக்க வந்தவர் நல்ல மனிதர், சங்கடப்பட்டார். ஜெர்மனிக்காரம்மா அன்றே முடிவு செய்துவிட்டார். சிறப்பு விமானம் ஒன்றில் இடம் கிடைத்ததும் புறப்பட்டார். கார் ஏறும்போது அத்தையின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் வைத்துக்கொண்டார். கொஞ்ச காலம் போனில் பேசினார். பிறகு அந்த எண் ஒலித்துக்கொண்டே இருந்தது. அத்தை வெகு நாட்கள் அதற்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஸ் மறுபடி திறந்தது. பௌர்ணமிக் கூட்டம் திரும்பி வந்தது. தெருக்காரர்களும் பாத்திரத்தோடு வந்தார்கள். அப்போதுதான் அத்தை அந்தப் பதிலைத் தொடங்கினார். "முடிஞ்சிடுச்சும்மா." அடுப்பில் குண்டான் ஆவி விட்டுக்கொண்டிருக்கும், ஆந்திராவிலிருந்து வந்த பக்தர்களுக்கு இலை விழுந்துகொண்டிருக்கும், கேட்கிறவர் கண்ணெதிரிலேயே இட்லித் துணியை உரித்தபடி, கோபம் துளியும் இல்லாத குரலில், "முடிஞ்சிடுச்சு" என்பார். தலைவர் வீட்டுக்கு மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெரு முழுவதற்கும் அதுதான் பதில். ஒருமுறை நான் கேட்டேன், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று. "ஒண்ணும் செய்யல. அதான்" என்றார். யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்ட பெண், அதற்குப் பிறகு தெருவில் யாரையும் அப்படிக் கேட்கவில்லை. அந்த நோய் அவருடைய நுரையீரலை விட்டுவிட்டது. இதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அத்தையின் அந்தப் பழைய குரலைத்தான் நான் இழந்தேன். அதற்காக நான் யாரை மன்னிக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை.

போன வருஷம் ஐப்பசியில் அத்தை இறந்தார், தூக்கத்தில். தெருவே திரண்டு வந்தது. அழுதார்கள், உண்மையாகவே அழுதார்கள் என்றுதான் நினைக்கிறேன். தலைவர் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று அடித்துத் தெருமுனையில் கட்டினார். "கண்ணீர் அஞ்சலி. கொரோனா காலத்தில் பசித்தோர்க்கு உணவளித்த எங்கள் தெருவின் அன்னையே!" மேலே அத்தையின் படம். கீழே, அதைவிடச் சற்றுப் பெரிதாக, கைகூப்பியபடி தலைவர். ஓரத்தில் அவர் மகன். எங்கிருந்து எடுத்தார்களோ, அத்தையும் ஜெர்மனிக்காரம்மாவும் தள்ளுவண்டியோடு போகும் படமும் இருந்தது. அந்த அம்மாவை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள்.

காரியம் முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். முடிந்த மறுநாள் நானே ஏணி போட்டு அவிழ்த்து இறக்கினேன். அத்தையின் படம் இருந்த மேல்பாகத்தை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டேன். மருந்துக் கடை வேலையை விட்டுவிட்டு இப்போது மெஸ்ஸை நான் நடத்துகிறேன். தெருக்காரர்களுக்கும் இட்லி கொடுக்கிறேன். அத்தை அளவுக்கு எனக்கு வைராக்கியம் இல்லை.

கார்த்திகை மழையில் ஒரு காலை, தலைவரின் மனைவி குடையோடு பின்பக்கம் வந்தார். அங்கே விறகு அடுக்கியிருக்கிறேன். விறகின்மேல் போர்த்தியிருந்த மிச்ச ஃப்ளெக்ஸ் ஷீட்டில் தலைவர் கைகூப்பிப் படுத்திருந்தார், முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. தலைவரின் மனைவி குடையைச் சாய்த்து அதைப் பார்த்தார்.

"இத இப்படியாம்மா போடுவாங்க?" என்றார்.

நான் அவர் பாத்திரத்தை வாங்கி, சூடான இட்லிகளை அடுக்கினேன்.

"நல்ல கெட்டியான ஷீட்டுங்க. ஒரு சொட்டு எறங்கல."