கடக்காலில் கிடைத்த வெள்ளைக்கல்

காலை ஒன்பதரைக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அடி அண்ணாமலைக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். "கோயிலுக்கா மேடம்?" என்றார் டிரைவர். கல் பார்க்க என்றேன். "இந்த ஊர்ல கல்லும் சாமியும் ஒண்ணுதாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கல்லூரித் தோழி கோமதி கட்டும் வீடு நின்றுபோனதே அதனால்தான்.

அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டும்போது முட்டை வடிவத்தில் ஒரு வெள்ளைக்கல் கிடைத்திருக்கிறது. சுயம்பு லிங்கம் என்று அவள் மாமனார் குழியிலேயே விளக்கேற்றிவிட்டார். அங்கே இனி கோயில்தானாம். அவர்கள் குடியிருக்கும் வேங்கிக்கால் வாடகை வீட்டையோ மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். நிலவியல் பாடம் நடத்துகிற நான் சொன்னால் மாமனார் கேட்பார் என்று கோமதி நம்பினாள்.

விபூதிப் பட்டையோடு இருந்தது கல். கோமதியின் மாமனார் பக்கத்திலேயே நின்றார். அனுமதி கேட்டுக் கையில் எடுத்தேன். அளவுக்கேற்ற கனமில்லை. காதருகே ஆட்டினால் உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. பாட்டில் சில்லு ஒன்றின்மேல் அதன் முனையை இழுத்தேன். கண்ணாடியில் கீறல் விழுந்தது.

"கண்ணாடியையே கீறுது பாருங்க, இது குவார்ட்ஸ்ங்கிற படிகக்கல்லுங்க ஐயா. உள்ள பொந்து இருக்கு. அதுல தண்ணி எறங்கி எறங்கிப் பளிங்கு வளர்ந்திருக்கும். இந்தக் கருங்கல் பூமியில இது அபூர்வம்."

"அபூர்வம்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் என்னாம்மா?"

தொலைந்தது. என் வாயாலேயே கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டேன்.

கோமதி என்னை ஓரமாக இழுத்தாள். "உள்ள பொந்துன்னு நிச்சயமா தெரியுமாடி?"

"ஒடைச்சாத்தான் நிச்சயம். கடப்பாரை பட்டு ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கு."

மத்தியானப் பூசைக்குக் கல்லைக் கழுவ கோமதிதான் குழாயடிக்குத் தூக்கிப் போனாள். சிமென்ட் தரையில் 'டொக்' என்று ஒரு சத்தம். எல்லாரும் ஓடினோம்.

கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே ஊசி ஊசியாய்ப் பளிங்கு, வெயிலில் கண் கூசியது. பெரியவர் அசையாமல் பார்த்தார். ஜோதி என்று விழுந்து கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒடைஞ்சு பின்னமாயிடுச்சு" என்றார் கடைசியில். "பின்னமானதுக்குப் பூசை கெடையாது." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு ஆளுங்கள வரச் சொல்லும்மா."

"கை வழுக்கிடுச்சு மாமா" என்றாள் கோமதி. குழாய் இன்னும் திறக்கப்படவில்லை. அவள் கை உலர்ந்திருந்தது.

நான் கிளம்பும்போது இரண்டு பாதியையும் துணிப்பையில் போட்டுத் தந்தாள். "எடுத்துட்டுப் போயிடுடி. இங்க வெச்சிக்க பயமா இருக்குது."

சென்னை பஸ்ஸில் நல்ல கூட்டம். பையைக் கீழே வைக்கச் சொன்னார் கண்டக்டர். வகுப்பில் எத்தனையோ குவார்ட்ஸ் துண்டுகளைக் காலால் மேசைக்கடியில் தள்ளியிருக்கிறேன். இதைக் காலடியில் வைக்க மனம் வரவில்லை. செஞ்சி தாண்டியும் என் மடியிலேயே இருந்தது.