அவர் விரல் பதியாத நாள்

ரேஷன் அட்டையில் பேர் உள்ள ஒவ்வொருவரும் விரலை வைத்துப் பதிய வேண்டும், பதியாதவர் பேர் போய்விடும் என்று கடைக்காரத் தம்பி சொன்னார். நானும் மகள்கள் இருவரும் அங்கேயே வைத்துவிட்டோம். என் வீட்டுக்காரர் விரலுக்கு எங்கே போவேன்? அது ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தது.

"நம்ம மல்லசமுத்திரத்துல பாதி ஆம்பளைங்க ரிக்குலதான் இருக்காங்க. அத்தன பேரையும் எடுத்துப்போடுவீங்களா?" என்று கத்தினேன்.

"ஏனுங்கக்கா எங்கிட்டச் சண்டைக்கு வாரீங்க? எந்த மாநிலத்துக் கடையிலயும் வெக்கலாமுங்க. அண்ணன அங்கயே வெக்கச் சொல்லுங்க."

நல்ல ஏற்பாடுதான். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. அவர் பங்கு அரிசி நின்றால் மாதக் கடைசியை எப்படித் தள்ளுவது? தினமும் போனில் நச்சரித்தேன். பதிவதற்கான கடைசி நாளன்றுதான் அவருக்கு வண்டியிலிருந்து இறங்க முடிந்தது.

அன்று மத்தியானம் நான் கூலிக்குப் போகும் கோழிப்பண்ணையில் முட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது அழைத்தார்.

"மிஷினு எடுக்க மாட்டேங்குது புள்ள."

"கையக் கழுவுனீங்களா?"

"கழுவாம வருவனா? கிரீசு போகோணும்னு டீசல ஊத்தி, மண்ணப் போட்டு நல்லாத் தேச்சுட்டுத்தான் வந்தேன்."

அட கடவுளே! ரிக்கில் இருப்பவர்கள் அப்படித்தான் கை கழுவுவார்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று அன்றைக்குக் கூடுதலாகத் தேய்த்து, மிச்சமிருந்த ரேகையையும் வழித்துவிட்டு வந்திருக்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்ததும் அழுகை வந்தது. அங்கே யாரோ இந்தியில் ஏதோ சொன்னது கேட்டது.

"இரு, கண்ணக் காட்டச் சொல்றாங்க," என்று போனை வைத்துவிட்டார்.

போனைப் பார்த்துக்கொண்டே முட்டை எடுத்தேன். இரண்டு முட்டைகளைப் போட்டு உடைத்து, மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினேன். மறுபடி போன் அடித்தது.

"கண்ண வெச்சுப் பதிஞ்சாச்சு புள்ள. பேரு இருக்குதாம்."

அப்பாடா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"ஏனுங்க, சாப்பிட்டீங்களா?"

"வரிசையில நின்னதுல நேரமாயிருச்சு. வண்டில சோத்துச் சட்டியக் கழுவிக் கவுத்திருப்பாங்க. ராத்திரி பாத்துக்கலாம். நீ போயி அரிசிய வாங்கிப்போடு."

சாயங்காலமே வாங்கி வந்து உலை வைத்தேன். மகள்கள் சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.