வாரத்தில் மூன்று நாள் விரதம்

எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மயிலாப்பூரில் எங்கள் தெருவே டாக்டராகிவிட்டது. கீழாநெல்லி சாப்பிடு, மோர் குடி, எண்ணெயைத் தொடாதே என்று ஆளுக்கொரு வைத்தியம். எனக்கு வந்தது ஹெபடைடிஸ் சி. அதற்கு முன்பே எச்.ஐ.வி. இருந்தது. எப்படி வந்தது என்பது என் சொந்த விஷயம்; தெருவுக்குக் காமாலை வரைக்கும் தெரிந்தால் போதும்.

அடையாறு டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. "இது புதுசா தொத்தியிருக்கு. எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு இது தானா போறது கஷ்டம். ஈரல்ல நிரந்தரமா தங்கறதுக்குள்ள ஊசியை ஆரம்பிச்சா விரட்டப் பாக்கலாம். மருந்து குளிர்ச்சியிலேயே இருக்கணும். வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கா?"

என் மாடி அறையில் மண்பானைதான் இருந்தது. ஃப்ரிட்ஜ் கீழே வீட்டுக்கார மாமியிடம். அது மடி ஃப்ரிட்ஜ்; குளிக்காமல் யாரும் தொடக் கூடாது, வெங்காயத்துக்கே உள்ளே இடமில்லை. காமாலை ஊசி என்றதும் மாமி இளகி, கதவில் ஒரு தட்டைக் கொடுத்தாள். ஊசி நாட்களில் சாயங்காலமும் குளித்து, ஈரத் தலையோடு, மாமியின் திருப்திக்காக விபூதியும் இட்டுக்கொண்டு போய் மருந்தை எடுப்பேன். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி தொடையில் நானே போட்டுக்கொள்வேன்.

அதன் பிறகு குளிர் ஜுரம் தூக்கிப்போடும், சோறு இறங்காது. அந்த நாட்கள் செவ்வாய், வியாழன், சனி. மாமி தரும் ரசம் சாதத்தை நான் திரும்பத் திரும்ப வேண்டாமென்றதும், "விரதமா?" என்று கேட்டாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. ஆமாம் என்றேன்.

செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, சனி பெருமாளுக்கு என்று மாமியே பிரித்துக்கொண்டாள். மாட வீதியில் எனக்குப் பெரிய பேர். காய்கறிக்காரர்கூட, "இன்னா சாமி, இன்னிக்கும் விரதமா?" என்று கையைக் கூப்பினார். இரண்டு வைரஸை உடம்பில் வைத்துக்கொண்டு பக்திமான் பட்டம் வாங்குவது எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு அது பிடித்தேயிருந்தது.

ஒரு நாள் மாமி ஒரு ஜாதகத்தோடு படியேறி வந்தாள். அது என்னுடையது, ஊரிலிருக்கும் என் அம்மாவுக்கு எழுதி வரவழைத்திருந்தாள்.

"ஆழ்வார்பேட்டைல ஒரு பொண்ணு. எட்டுப் பொருத்தம் இருக்கு. ஞாயித்துக்கிழமை பாக்கப் போறோம். இவ்வளவு விரதம் எதுக்குன்னு நேக்குத் தெரியாதா?"

சிரிப்பு வந்தது, பின்னாலேயே பயம் வந்தது. சொன்னால் அறை போகும், ஃப்ரிட்ஜ் போகும், பாதியில் ஊசி நிற்கும். சொல்லாவிட்டால் யாரோ ஒரு பெண் எனக்காகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சொஜ்ஜித் தட்டோடு வந்து நிற்பாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எய்ட்ஸா?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"அந்த அளவுக்கு இன்னும் போகலை மாமி. அந்தக் கிருமி இருக்கு."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

அறையைக் காலி செய்யச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஜாதகத்தை நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"மருந்து அங்கேயே இருக்கட்டும். பொருத்தம் சரியில்லேன்னு பொண்ணாத்துல நான் பொய் சொல்லிக்கறேன்." படி வரைக்கும் போய்விட்டு நின்றாள். "உங்கம்மா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள நீ சொல்லிடு."